44 நாற்காலிகளும் ஒரு வளவும்: அபத்த நாடகம் நம் பக்கம் எடுபடுமா?

தேவகோட்டை வாசகர் ஒருவர், 2023 செப்டம்பர் 3

அபத்த நாடகம் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கதை கிடையாது, முடிவு கிடையாது, பேச்சுக்கும் நடப்புக்கும் சம்பந்தம் கிடையாது. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, புரியவில்லை என்றால் பார்க்கிறவன் மேல் பழியைப் போடுகிறார்கள். சென்னையில் படித்த நாலு பேர் உட்கார்ந்து பார்க்கலாம். ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த நம் பக்கத்துச் சனங்களுக்கு இது எதற்கு?

செப்டம்பர் 3, இரவு

"வாய்க்கு வந்ததை" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மற்றதைப் பிறகு பேசலாம்.

போன ஆடியில் யூஜீன் அயனெஸ்கோவின் 'நாற்காலிகள்' நாடகத்தைக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது தூண் சுற்றிய நடு முற்றத்தில் போட்டோம். நான் காரைக்குடியில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, நாற்காலிகள் அடுக்கியபடியே கிடக்கும். அதனால் அந்த மாதம். ஆனியிலேயே தொடங்கி ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். அந்த ஆறு வாரத்தில் ஒரு சொல்லை வாய்க்கு வந்தபடி பேச முடிந்ததில்லை, ஒரு நாற்காலியைக் கைக்கு வந்தபடி வைக்க முடிந்ததில்லை. பந்தியில் எதை எந்தப் பக்கம் பரிமாறுவது என்று ஒரு ஒழுங்கு இருக்கிறதே, அதைவிடக் கறாரான ஒழுங்கு இது.

செப்டம்பர் 4

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காக. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு வீடு. கிழவருக்கு 95 வயது, கிழவிக்கு 94. கிழவர் உலகத்துக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும் என்று ஊரையே அழைத்திருக்கிறார். தனக்குப் பேச வராது என்பதால் ஒரு பேச்சாளரை ஏற்பாடு செய்திருக்கிறார். மணி அடிக்கிறது, விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருவரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவர்கள் மட்டும் வரவேற்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள், நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்கள். முதலில் ஒரு பெண்மணி, அப்புறம் ஒரு கர்னல், கடைசியில் சக்கரவர்த்தியே வருகிறார். நாற்காலி நிரம்பி நடக்க இடமில்லாமல் போகிறது. அதுவரை வராத பேச்சாளர் அப்போது வந்து நிற்கிறார், அவர் மட்டும் உண்மையான ஆள். எல்லாவற்றையும் அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாகத் தண்ணீரில் குதித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பேச்சாளர் மட்டும். அவர் வாய் பேசாதவர், காது கேளாதவர். தொண்டையிலிருந்து ஒலி மட்டும் வருகிறது.

1952இல் பாரிஸில் முதலில் மேடையேறியது. நாற்காலிகள் நாற்பதுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். நாங்கள் 44 போட்டோம்.

செப்டம்பர் 4, மறுபடியும்

"பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பிறகு பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் வயசானவர்களின் கதைதானே, நம் ஊருக்குப் பொருந்தும்" என்று புதுவயல்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீட்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம், பங்குள்ள வீடு. ஒரு காலத்தில் ரங்கூனிலிருந்து தேக்கு வந்து இறங்கிய முகப்பு. இப்போது முன்னோர் படைப்புக்கும் வெள்ளையடிப்புக்கும்தான் திறக்கிறார்கள்.

ஒத்திகையின் இரண்டாம் வாரம் அந்த நினைப்பு உடைந்தது. கிழவி ஒரு விருந்தாளியிடம் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான், கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்கிறாள். அதே நேரம் மேடையின் மறுபக்கம் கிழவர் இன்னொரு விருந்தாளியிடம் எங்களுக்குக் குழந்தையே இல்லை என்கிறார். யார் சொல்வது நிஜம் என்று நாடகம் கடைசிவரை சொல்வதில்லை. மகன் விட்டுப்போன சோகம் என்று நாம் அழத் தயாராகும்போது, மகனே இல்லையோ என்று காலுக்குக் கீழே தரை நகர்கிறது. இது தனிமையின் கதை என்றால் அந்த இரண்டு வசனங்களில் ஒன்றை வெட்டிவிட வேண்டியிருக்கும். வெட்ட எனக்கு மனம் வரவில்லை. நாடகத்தின் விஷயம் அந்த இல்லாமைதான், மனிதர்களோ சக்கரவர்த்தியோ கடவுளோ யாருமே அங்கே இல்லாததுதான் என்று அயனெஸ்கோ முதல் இயக்குநருக்குக் கடிதமே எழுதினார்.

செப்டம்பர் 6

அபத்த நாடகம் என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் விமர்சகர் மார்ட்டின் எஸ்லின், 1961இல் வந்த அவர் புத்தகம். பெக்கெட், அதாமோவ், அயனெஸ்கோ, ஜெனே என்று நான்கு பேருக்குத் தனித்தனி அத்தியாயம். ஆங்கில நாடகாசிரியர் பின்டர் பிந்தைய பதிப்பில் சேர்ந்தார். இவர்கள் கூடிப் பேசி ஓர் இயக்கம் தொடங்கவில்லை. பெக்கெட் அயர்லாந்துக்காரர், அயனெஸ்கோ ருமேனியாவில் பிறந்தவர், அதாமோவ் ருஷ்யாவில் பிறந்தவர். மூவரும் பாரிஸில் இருந்து பிரெஞ்சில் எழுதினார்கள். அதற்கு முன்பே 1942இல் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு, மலைமேல் பாறை உருட்டும் சிசிஃபஸை வைத்து அபத்தம் என்ற சொல்லுக்குத் தத்துவ எடை கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேறு. 'அப்சர்ட்' என்ற அந்த ஐரோப்பியச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சுருதி சேராதது என்று பொருள். நாம் அபத்தம் என்றதும் உளறல் என்று எடுத்துக்கொள்கிறோம், தேவகோட்டை நண்பரின் கோபமும் அங்கிருந்துதான் வருகிறது. அபஸ்வரம் என்று மொழிபெயர்த்திருந்தால் பாதி சண்டை வந்திருக்காது. அபஸ்வரம் காதில் விழ வேண்டுமானால் சுருதி என்று ஒன்று இருந்தாக வேண்டும். மனிதன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், உலகம் பதில் சொல்லவில்லை. இரண்டும் சேரவில்லை. காம்யு சொன்னது அந்தச் சேராமையை.

செப்டம்பர் 7

திருத்தம். இரண்டு பேர் வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1952 என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். புத்தகமாக வந்ததுதான் 1952. மேடையேறியது 1953 ஜனவரி 5, பாரிஸின் பாபிலோன் அரங்கில், ரோஜே பிளேன் இயக்கத்தில்.

செப்டம்பர் 9

படித்தவர்களுக்கு மட்டும்தான் என்ற பேச்சுக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 1957 நவம்பர் 19, கலிபோர்னியாவில் சான் குவென்டின் சிறை. சுமார் 1,400 கைதிகள் முன்னால் 'கோடோ' நடந்தது. நாகரிக நகரங்களிலேயே கூட்டத்தைக் குழப்பிய நாடகம் என்பதால் நடிகர்கள் பயந்துகொண்டே மேடையேறினார்கள். கைதிகள் கடைசிவரை அசையாமல் பார்த்தார்கள். காத்திருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நானும் இதைப் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் தயக்கம். கைதிக்குப் புரிந்தது, ஆகவே பாமரனுக்கும் புரியும் என்று நிறுத்திவிட்டால், நாடகத்தை ஒரு அனுபவத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறோம். சிறையில் இருந்தால் சிறை, காலி வீட்டில் இருந்தால் காலி வீடு. புதுவயல் நண்பர் செய்ததும் நான் செய்ததும் அதுதான்.

செப்டம்பர் 10

வளவில் நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

கிழவராக நடித்தவர், வள்ளி திருமணம் மாதிரி ராத்திரி முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது வருடம் பபூன், அதாவது கோமாளி, வேஷம் கட்டியவர். கிழவியாக ஒரு தமிழ் டீச்சர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும், ஆர்மோனியம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் பெரியவர் ஒவ்வொரு நாளும் கர்னலிடம் புதிதாக ஏதாவது பேசினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் நாற்காலியோடு கதவில் நிற்பார், உள்ளே வர வேண்டிய சொல் வராது. மூன்று நாற்காலி தாமதித்தால் நாடகமே தாமதித்துவிடும். வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டிய இடம் அது. பத்து நாள் இதில் போனது. இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் ஆயிற்று.

ஒருநாள் மத்தியானம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் பேச்சை மாத்துறது வேணும்னு இல்ல. எதுக்க ஆள் இல்லையே. ஆள் இல்லாத இடத்தைப் பாத்தா கண்ணு அலையுது. கண்ணு அலைஞ்சா வாய் அலையும். கண்ணு ஒரே உசரத்துல நிக்கணும்" என்றார். கர்னல் எவ்வளவு உயரம் என்று அவரே முடிவு செய்தார், தன் நெற்றி மட்டம். அந்தப் பெண்மணி தோள் மட்டம். தூணில் சாக்பீஸால் கோடு போடப் போனேன். காவல் இருக்கும் அம்மா கையைப் பிடித்துவிட்டார். பர்மா தேக்குத் தூணில் கோடா? சரி என்று கறுப்பு நூல் கட்டினோம். ஒரு தூணுக்கு ஒரு விருந்தாளி, உட்கார்ந்தால் ஒரு நூல், நின்றால் ஒரு நூல். அன்று சாயங்காலத்திலிருந்து பெரியவர் ஒரு சொல்கூட மாற்றவில்லை.

இதைத்தான் வாய்க்கு வந்தது இல்லை என்று முதல் நாள் சொன்னேன்.

செப்டம்பர் 10, தொடர்ச்சி

நாற்காலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் இருப்பது எல்லாம் பிளாஸ்டிக். பத்துப் பத்தாக அடுக்கித் தூக்கலாம், கல்யாணத்துக்கு வசதி. வளவில் வைத்துப் பார்த்தால் சத்தமே இல்லை. வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. வெறும் பொருளாக இருக்கிறதே தவிர யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இல்லை. அப்பா காலத்து மரச்சட்ட மடக்கு நாற்காலிகள் கிடங்கில் கிடந்தன. 26 தேறின. மீதி 18 அந்த வீட்டுடையவை. மடக்கு நாற்காலியை விரித்து ஆத்தங்குடிக் கல்லில் வைக்கும்போது இரண்டு சத்தம் வரும். கட்டை கட்டையில் இடிக்கும் டக், அப்புறம் கால் கல்லில் உட்காரும் சின்ன டொக். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு ஆள் உட்கார்ந்துவிடுகிறார். இதை நான் சொல்வதைவிட ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கதவுகளும் அமைந்துவிட்டன. நாடகத்துக்கு மேடை முழுக்கக் கதவு வேண்டும், கிழவி ஒன்றில் போய் இன்னொன்றில் நாற்காலியோடு வர வேண்டும். மேடை போட்டால் அதற்குத்தான் செலவே. வளவில் சுற்றுப்பத்தி முழுக்கப் புள்ளிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு. எங்களுக்கு ஒன்பது கதவு திறந்து கொடுத்தார்கள். இரண்டு பங்காளிகள் சாவி அனுப்பவில்லை. பூட்டிய அந்த இரண்டு கதவு முன்னாலும் டீச்சர் ஒரு நொடி நின்று திரும்புவார். அது நாடகத்தில் இல்லாதது, தானாக வந்தது. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12

"பபூனும் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் செய்யாத அபத்தமா, நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதானே" என்று கேட்கிறார்கள். இல்லை என்பது என் பதில். பபூன் எவ்வளவு கோணல் பண்ணினாலும் அது ஒரு நேரான உலகத்துக்குள் பண்ணும் கோணல். நாரதர் வருவார், தர்க்கம் நடக்கும், வேடன் வருவான், விருத்தன் வருவான், விடிவதற்குள் முருகன் வந்தே தீருவார். கல்யாணம் நடந்தே தீரும். அதனால்தான் ராத்திரி மூன்று மணிக்கும் பாய் விரித்துக் காத்திருக்கிறோம். பெக்கெட் நாடகத்தில் அந்த முருகன் வருவதில்லை. ஒரு பையன் வந்து, இன்றைக்கு இல்லை, நாளைக்கு நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டாம் அங்கத்திலும் அதையே சொல்கிறான். இரண்டு அங்கமும் போகலாம் என்று சொல்லிவிட்டு அசையாமல் நிற்பதோடு முடிகின்றன.

செப்டம்பர் 13

நேற்று எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உலகம் வேறு, ஆனால் கைத்தொழில் ஒன்று. கோடோவில் மூன்று தொப்பிகளை இரண்டு பேர் தலைமாற்றித் தலைமாற்றி வைக்கும் ஒரு கட்டம் உண்டு. பூட்ஸைக் கழற்ற முடியாமல் இழுப்பது, கால்சட்டை அவிழ்ந்து விழுவது, எல்லாம் பழைய கேளிக்கை அரங்கிலிருந்தும் பேசாப்படக் கோமாளிகளிடமிருந்தும் வந்தவை. பெக்கெட் எழுதிய ஒரே திரைப்படத்தில் நடித்தவரும் பேசாப்படக் கோமாளி பஸ்டர் கீட்டன்தான். பெரியவரிடம் அந்தத் தொப்பிக் கட்டத்தைச் சொன்னேன். எழுந்து துண்டை வைத்துச் செய்து காட்டினார், சிரிக்கவே இல்லை. "சிரிச்சுட்டா போச்சு, நமக்கு அது கஷ்டம்னு சனம் நம்பணும்" என்றார். துன்பமும் சிரிப்பும் கலந்த நாடகம் என்று பெக்கெட் தலைப்பின் கீழேயே போட்டிருப்பது இதைத்தான்.

நம் பக்கத்து நவீன நாடகக்காரர்கள் தெருக்கூத்திடம் போனது தெரிந்ததே. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது கூத்தை நவீன நாடகத்தின் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஸ்பெஷல் நாடகக்காரர்களை யாரும் அந்த அளவுக்குக் கூப்பிடவில்லை என்பது எனக்கு மனக்குறை.

செப்டம்பர் 15

சின்ன விஷயம். 'வழுக்கைத்தலைப் பாடகி' 1950. அயனெஸ்கோ ஆங்கிலம் கற்க ஒரு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வாக்கியங்களை எழுதிப் பார்த்தார். வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே, கூரை மேலே. தெரிந்த உண்மைகளைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பார்த்து மிரண்டுபோய் அதையே நாடகமாக்கினார். தொடக்கத்திலேயே கடிகாரம் 17 அடிக்கிறது, மணி ஒன்பது ஆயிற்று என்கிறாள் அந்த அம்மாள். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் இப்படித்தான் வந்தது. இது பேனா, அது ஜன்னல். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது பேரும் இது பேனா என்று கத்துவோம். அந்த நாடகத்தைப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பாரிஸில் ஹூஷெத் என்ற சின்ன அரங்கில் 1957 முதல் இதைத் தொடர்ந்து நடத்திவருகிறார்கள்.

செப்டம்பர் 19

நடந்த அன்றைய ராத்திரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

டிக்கெட் இல்லை. அழைத்தவர்கள் எழுபது பேர், பக்கத்துத் தெருவிலிருந்து தானாக வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். அவர்களுக்கு ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் நாடகத்துக்கு. முதல் பத்து நிமிடம் குழப்பம். யாரிடம் பேசுகிறார் என்று ஒரு பையன் சத்தமாகக் கேட்டான். கர்னல் வந்ததும் மாறியது. பெரியவர் கர்னலை நடைப்பக்கம் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார், நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். முன்வரிசையில் ஒரு ஆச்சி, "பெரிய மனுசர் வந்திருக்காக, நடையில உக்கார வைக்கிறீகளே, பட்டாலைக்குக் கூட்டிப் போங்க" என்றார். பக்கத்தில் இன்னொரு அம்மா, "அந்தப் பொம்பளைக்கு எதுக்க ஆம்பளைய உக்கார வச்சா அவுக எப்படிப் பேசுவாக" என்றார். அங்கே தொடங்கியது. யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு முதல் மரியாதை, யாரைத் தாண்டி யார் போகக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காலி நாற்காலிகளுக்கு முறை வகுத்துக்கொண்டார்கள். இருபதாவது நாற்காலிக்கு மேல் யாரும் பேசவில்லை, டீச்சர் ஓடுவதையே பார்த்தார்கள். டீச்சரின் முழங்கை கதவில் இடித்து ரத்தம் வந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். அபத்த நாடகம் கதையை எடுத்துவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொள்கிறது. வரவேற்பு, உபசாரம், இடம் காட்டுவது, விடைபெறுவது, இவை முழுசாக இருக்கின்றன. யாருக்காக என்பது மட்டும் இல்லை. முறை தெரிந்த ஊரில்தான் அந்த இல்லாமை உறைக்கும். படைப்பு அன்று முன்னோருக்கு இலை போட்டுப் பார்த்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாதவர்களை உபசரிப்பது புதிது இல்லை. ஆனால் அங்கே முன்னோர் வருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. இங்கே அந்த நம்பிக்கை கேள்வியாக நிற்கிறது. அன்று வளவில் இருந்த அமைதி அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

செப்டம்பர் 20

எல்லாம் சரியாக நடந்த மாதிரி நேற்று எழுதிவிட்டேன். முடிவு சரியாக நடக்கவில்லை.

கிழவனும் கிழவியும் ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பங்காளி, வீட்டுக்குள் சாவு விழுகிற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். பிறகு மனசு கேட்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் இரண்டாம் கட்டுக்குள் நடந்து போய்விடுவார்கள், பின்கட்டுக் கிணற்றில் பித்தளைக் குடம் ஒன்றைப் போட்டு அந்தச் சத்தம் மட்டும் வளவுக்குக் கேட்கும். ஒத்திகையில் போட்டோம். காவல் இருக்கும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "இந்தக் கிணத்துல அந்தச் சத்தத்தக் கேக்க வைக்காதீக தம்பி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. குடத்தை எடுத்து வைத்துவிட்டோம். அன்று அவர்கள் உள்ளே போனார்கள், கதவு சாத்தியது, அவ்வளவுதான்.

ஒரு நாற்காலியின் சத்தத்துக்கு இத்தனை பேசிவிட்டு முடிவை மட்டும் எப்படி மாற்றலாம் என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயம். 1984இல் அமெரிக்காவில் பெக்கெட்டின் 'இறுதி ஆட்டம்' நாடகத்தைச் சுரங்க ரயில் நிலையம் மாதிரி ஒரு இடத்தில் அமைத்தபோது, என் மேடைக் குறிப்பைப் புறக்கணிக்கும் எதுவும் எனக்கு ஏற்புடையதல்ல என்று அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் பக்கம்தான் நான் எப்போதும். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு குடத்தைப் போட்டிருக்க முடியாது. இரண்டும் உண்மை. அடுத்தமுறை இந்த முடிவுக்கு இடம் கொடுக்காத வீட்டில் இந்த நாடகத்தைப் போட மாட்டேன்.

செப்டம்பர் 21

பேச்சாளர் காட்சி பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். காரைக்குடி பேச்சைக் கொண்டாடும் ஊர். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து மேடையில் ஒருவர் எழுந்தால் ஊர் காதைத் தீட்டிக்கொள்ளும். எங்கள் பேச்சாளர் அங்கவஸ்திரத்தோடு வந்து கும்பிட்டதும் ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பார்த்தேன், முதுகுகள் நிமிர்ந்தன. அவர் வாயைத் திறந்தார். அந்த ஒலி வந்தது. சிரிப்பு வரும் என்று பயந்திருந்தேன், வரவில்லை. வெகுநேரம் அவர் சொல்லிவிடுவார் என்றே காத்திருந்தார்கள். அவர் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் காலி நாற்காலிகளிலிருந்து கூட்டத்தின் முணுமுணுப்பும் இருமலும் கேட்க வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. அதற்கு ஒலிப்பதிவு வைத்திருந்தோம். எந்த இருமல் பதிவில் இருந்தது, எது ஜமுக்காளத்திலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 2

மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. 'கோடோ' போடலாம் என்று பெரியவர் கேட்கிறார். நாற்காலி தேவையில்லாத நாடகம். ஒரு நாட்டுப்புறச் சாலை, ஒரு மரம், அந்தி நேரம். பள்ளத்தூர் தாண்டிப் பொட்டலில் அப்படி எத்தனையோ இடம் இருக்கிறது. மரம்தான் சிக்கல். முதல் அங்கத்தில் மொட்டையாக இருக்க வேண்டும், இரண்டாம் அங்கத்தில் நாலைந்து இலை வந்திருக்க வேண்டும். சீமைக் கருவேலம் எப்போதும் பச்சை, ஆகாது. பனைக்குக் கிளை இல்லை. தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று இருவரும் அதைப் பார்த்துப் பேசுவார்கள், பார்க்கிறவர்களுக்கு இது தாங்காதே என்றும் தோன்ற வேண்டும்.

அக்டோபர் 5

வேப்பங்கிளையை வெட்டி நட்டால் போதும் என்கிறார்கள். வெட்டிய கிளை இரண்டு நாளில் சருகாகி உதிரும் விதம் வேறு, பட்ட மரம் நிற்கும் விதம் வேறு. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பட்டை உரிந்து உள்ளே வெளுத்திருக்கும். அந்த வெளுப்பு அந்தி வெளிச்சத்தில் தெரியும். எனக்கு அது வேண்டும்.

அக்டோபர் 8

தேவகோட்டை நண்பர் தனியாக எழுதியிருக்கிறார். நான் சொன்னதில் முறை பற்றிய பகுதியை மட்டும் ஏற்கிறாராம், முருகன் வராத நாடகம் அவருக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அவர் தோப்பின் கிழக்கு ஓரத்தில் இடி விழுந்து பட்டுப்போன ஒரு ஒதிய மரம் நிற்கிறதாம், உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஏழடி, தாழ்வான கிளை ஒன்று தெற்குப் பார்த்து, வேரோடு எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறேன். நூல் கட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.